அமிலமும் காரமும்: தொடக்ககால அறிவு

அமிலம், காரம் என்பவை வேதியியலில் ஒன்றையொன்று அடக்கும் இரு பொருள்வகைகள். புளிப்பதும் உலோகத்தை அரிப்பதும் அமிலத்தின் குணம். தொட்டால் வழுவழுப்பதும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றுவதும் காரத்தின் குணம். இரண்டையும் உரிய அளவில் கலந்தால் இரண்டின் குணமும் போய் உப்பும் நீரும் மிஞ்சும். நடுநிலையாக்கல் எனப்படும் இந்நிகழ்வே இவற்றைப் பற்றிய அறிவின் தொடக்கம். புளிப்பு எது என்பது நாக்குக்கு எப்போதுமே தெரியும். புளிப்பை முறிப்பது எது என்று கண்டபிறகுதான் அது வேதியியல் ஆயிற்று. அதைக் கண்டவர்களில் பனையேறிகளும் சலவைத் தொழிலாளரும் அறுவை மருத்துவரும் துணி வெளுப்போரும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், கான்சாபுரம் வட்டாரத்தில் இன்றும் காணக்கூடிய எடுத்துக்காட்டுகளோடு, 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரையான வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சொற்கள்

‘அமிலம்’ புளிப்பைக் குறிக்கும் ‘அம்ல’ என்ற வடசொல்லிலிருந்தும், ‘காரம்’ அரிக்கும் சாம்பல் உப்பைக் குறிக்கும் ‘க்ஷார’ என்ற வடசொல்லிலிருந்தும் வந்தவை. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘ஆசிட்’ என்ற சொல்லுக்கும் இலத்தீனில் புளிப்பு என்றே பொருள். ‘ஆல்கலி’ என்ற அரபுச் சொல் செடிகளை எரித்த சாம்பலைச் சுட்டும். இரு பெரும் மொழிமரபுகள் ஒன்றை நாக்காலும் மற்றதை அடுப்புச் சாம்பலாலும் பெயரிட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தமிழில் ‘காரம்’ என்ற சொல் பள்ளி மாணவரைக் குழப்புவது உண்மை. மிளகாயின் உறைப்பும் பேச்சுவழக்கில் காரம்தான். ஆனால் மிளகாய் வேதியியல் பொருளில் காரம் அல்ல. மருந்துக்கடைப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. அப்பளக்காரமும் வெங்காரமும் நீரில் கரைந்தால் காரத்தன்மை காட்டும். படிகாரமோ, பெயரில் காரம் இருந்தும், கரைசலில் அமிலத்தன்மை காட்டும். படிகப் பொடியாக இருந்து நாக்கைச் சுருக்கிய எல்லாவற்றையும் முன்னோர் ஒரே குடும்பமாகப் பார்த்ததாகத் தோன்றுகிறது. பிற்கால வேதியியல்தான் அக்குடும்பத்தைப் பிரித்தது.

பாடநூல்களும் ஒத்துப்போவதில்லை. தமிழ்நாட்டில் அமிலத்தின் எதிர்ப்பொருள் ‘காரம்’, அதில் நீரில் கரைவது ‘எரிகாரம்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அமிலத்துக்கு எதிர் ‘மூலம்’, நீரில் கரைவதே ‘காரம்’. உப்புக்கு அடிப்படையாக நிற்கும் பொருள் என்ற கருத்தை ‘மூலம்’ நேராகச் சொல்கிறது. அந்த வகையில் இலங்கை வழக்கு தெளிவானது.

உவர்மண்ணும் பனங்கலயமும்

சோப்பு பரவுவதற்கு முன் தமிழகத்தில் துணியின் அழுக்கை எடுத்தது உவர்மண். கோடையில் உவர்நிலத்தின் மேல் வெண்ணிறமாகப் பூத்து நிற்கும் உப்பில் சோடியம் கார்பனேட் மிகுதி. சித்த மருத்துவம் இப்பூப்பைப் பூநீறு என்று கொண்டாடுகிறது. உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, பிழிந்து, பானையின் மேல் அடுக்கி ஆவியில் வேகவைப்பதே வெள்ளாவி. சூடான கார நீர் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். சலவைத் தொழிலாளர் செய்தது நூல் படித்தவர் செய்யாத வேதியியல்.

பனையில் இதைவிட நுட்பமான செய்தி இருக்கிறது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் ஒன்றும் தடவாவிட்டால், விடிவதற்குள் இனிப்பு நீர் நொதித்துக் கள்ளாகும். மேலும் விட்டால் புளித்துக் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே மரம் பதநீர் தரும். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை வளரவிடாது. அவை உண்டாக்கத் தொடங்கும் அமிலத்தையும் முறித்துவிடும். கள்ளுக்கும் பதநீருக்கும் இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. கரும்புச்சாற்றைக் காய்ச்சி வெல்லம் ஆக்குவோரும் சாற்றின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு நீரைத்தான் சேர்க்கிறார்கள். புளிப்பு மிஞ்சினால் வெல்லம் கட்டியாக உறையாது.

நிறம் மாறும் சாட்சி

சுவைத்துப் பார்க்க முடியாத பொருள் அமிலமா காரமா என்று அறிவது எப்படி? நிறத்தால் அறியலாம் என்பதை முறையாக எழுதியவர் வேதியியலாளர் ராபர்ட் பாயில். நிறங்களைப் பற்றி 1664இல் வெளியிட்ட நூலில், ஊதாப்பூச் சாறு அமிலம் பட்டால் சிவப்பதையும் காரம் பட்டால் பச்சையாவதையும் அவர் விவரித்தார். ஒரு பொருள் எந்த நிறத்தையும் மாற்றவில்லையென்றால் அது இரண்டும் அல்ல என்று பிரித்துக் காட்டியதுதான் அவருடைய பெரிய பங்கு. அக்காலத்தில் உலகப் பொருள்கள் யாவும் அமிலமோ காரமோ என்று அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

கான்சாபுரத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்தால் இந்தச் சோதனை கண்முன் நடக்கும். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் நீர் செக்கச்சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் கார நீரில் தன் அமைப்பு மாறி வேறு நிற ஒளியை உறிஞ்சுவதே காரணம். அதே தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பும். வேதியியல் ஆய்வகங்கள் மஞ்சள் தோய்த்த தாளைக் காரத்துக்கான சோதனைத்தாளாகவே பயன்படுத்தியிருக்கின்றன. தமிழ் வீடுகளில் நிறமாற்றம் மங்கலத்தின் குறியாகவே நின்றது. பொருள்களைத் தரம் பிரிக்கும் கருவியாக அதை எடுத்துச் செல்லவில்லை. அப்படி எடுத்துச் சென்றவர் பாயில்.

சுஸ்ருதரின் காரம்

காரங்களைப் பற்றிய பழைய எழுத்துகளில் மிகத் தெளிவானது சுஸ்ருத சம்ஹிதை என்னும் பழைய அறுவை மருத்துவ நூலின் சூத்திர ஸ்தானம் என்ற பகுதியில் உள்ளது. கட்டி, மூலநோய், பவுத்திரம் போன்றவற்றை அறுக்காமல் அரித்து நீக்கும் மருந்தாகக் காரம் அங்கே பேசப்படுகிறது. மரங்களை எரித்த சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கல்லையும் சிப்பி சங்குகளையும் அதில் சேர்த்துக் கொதிக்கவைத்தால் வலிய காரம் கிடைக்கும். மென்மையானது, நடுத்தரமானது, கடுமையானது என்று மூன்று தரம் பிரித்து, இரும்புக் கலத்தில் வாய்மூடி வைக்கச் சொல்கிறது நூல்.

இதில் ஒவ்வொரு சொல்லும் வேதியியலில் நிற்கிறது. சாம்பல் நீரில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், மென்காரம். நீற்றின சுண்ணாம்பு அதன் கார்பனேட்டைப் பற்றி இழுத்து அடியில் படிந்துவிட, கரைசலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் எரிகாரம் மிஞ்சும். கலத்தை மூடாவிட்டால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி மென்காரமாகிவிடும். மூடச் சொன்னதன் பலன் அது.

இன்னொரு குறிப்பு அதைவிட வியப்பானது. காரத்தால் சுட்ட இடத்தில் எரிச்சல் அடங்க, காடி போன்ற புளித்த பொருள்களை இடச் சொல்கிறார் சுஸ்ருதர். நெருப்பை ஒத்த காரத்துக்கு தானும் சூடான புளிப்பு எப்படி மருந்தாகும் என்ற ஐயத்தை நூலே எழுப்பி, புளிப்போடு கூடிய காரம் தன் கடுமையை விட்டு இன்சுவை அடைகிறது, நீர்பட்ட நெருப்புப் போல அடங்குகிறது என்று விடை தருகிறது. நடுநிலையாக்கலை இவ்வளவு நேராகச் சொன்ன பழைய நூல்கள் மிகச் சில. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1902, 1909 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றில் இப்பகுதியை உயர்த்திப் பேசினார். அவர் மிகைப்படுத்தியதாகத் தோன்றவில்லை.

ஆனால் மென்காரம் ஏன் எரிகாரமாகிறது என்ற கேள்விக்கு விடை 1756இல்தான் வந்தது. சுட்ட சுண்ணாம்பு நெருப்பிலிருந்து ஏதோ ஒன்றைப் பெற்றுக் கடுமையாகிறது என்று நம்பியிருந்த காலம் அது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் நிறுத்துப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் சுடும்போது எடை குறைந்தது. அது பெற்றது ஒன்றுமில்லை, இழந்ததே உண்டு. இழந்தது கரியமில வாயு.

கார மருத்துவம் மறைந்துவிடவில்லை. நாயுருவிச் சாம்பல் உப்பும் கள்ளிப்பாலும் மஞ்சளும் திரும்பத் திரும்பப் பூசி உலர்த்திய நூலால் பவுத்திரத்தைக் குணப்படுத்தும் காரநூல் சிகிச்சை, ஆயுர்வேத, சித்த மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது.

அமிலத்துக்கு விளக்கம் தேடியவர்கள்

ஒவ்வோர் உப்பும் ஓர் அமிலமும் ஒரு காரமும் கூடியது என்று ஓட்டோ டாகெனியுஸ் 1666இல் எழுதினார். பாரிசின் நிக்கோலா லெமெரி 1675இல் அமிலத் துகள்களுக்குக் கூர்முனை உண்டு, காரத் துகள்களுக்குத் துளைகள் உண்டு, முனை துளையில் குத்திக்கொள்வதே நடுநிலையாக்கல் என்றார். புளி பட்ட நாக்கு கூசுவதைப் பார்த்தால் அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1754இல் கியோம் பிரான்சுவா ருயெல், ஆவியாகக்கூடிய அமிலத்துக்குத் திட உருவம் தந்து தாங்கி நிற்கும் பொருளை ‘பேஸ்’ என்றார். இலங்கை வழக்கின் ‘மூலம்’ இச்சொல்லின் தமிழே.

சுவீடனின் மருந்தாளுநர் ஷீலே, திராட்சை மது படிவிலிருந்து டார்டாரிக் அமிலத்தையும், புளித்த பாலிலிருந்து 1780இல் லாக்டிக் அமிலத்தையும், 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் பிரித்தெடுத்தார். நம் புளியிலும் இருப்பது டார்டாரிக் அமிலமே. பித்தளைக் குத்துவிளக்கின் கறையை அதுதான் கரைக்கிறது.

பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே எல்லா அமிலத்துக்கும் ஆக்சிஜனே காரணம் என்று நம்பி, அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அந்த வாயுவுக்குப் பெயரிட்டார். அது தவறு. ஹம்ப்ரி டேவி 1810இல் உப்பு அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டினார். ஹைட்ரஜன் பக்கம் கவனம் திரும்பி, 1838இல் லீபிக், உலோகத்தால் இடம்பெயர்க்கக்கூடிய ஹைட்ரஜன் கொண்டதே அமிலம் என்றார். 1880களில் அரீனியஸ், நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம் என்று வகுத்தார். பெயர் மட்டும் மாறவில்லை. ஆக்சிஜன் இன்றும் அந்தத் தவறான பெயரோடுதான் இருக்கிறது.

வெளுப்புத் தொழில்

கொள்கைக்கு முன்னே ஓடியது தொழில். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை துணியைச் சாம்பல் நீரில் ஊறவைத்து, பிறகு மிஞ்சிய காரத்தை முறிக்கப் புளித்த பாலில் போட்டு, புல்வெளியில் விரித்து, மாதக்கணக்கில் வெளுத்தார்கள். கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்துக் கந்தக அமிலம் செய்வதற்கு ஜான் ரீபக் 1746இல் பர்மிங்காமில் ஈய அறைகளை அமைத்தார், விலை சரிந்தது. சிவகாசியின் பட்டாசு மருந்தில் சேரும் அதே கந்தகமும் வெடியுப்பும்தான் அவை. 1756இல் எடின்பரோவின் பிரான்சிஸ் ஹோம், பாலுக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று காட்டியபின், வாரக்கணக்கான அந்த முறிப்பு வேலை ஒரு நாளுக்குள் அடங்கிற்று.

அந்த வரிசை இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியில் தொடர்கிறது. தறியிலிருந்து இறங்கும் காடாத் துணி நீரை உறிஞ்சாது. பருத்தியின் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் மெழுகு கழன்றுவிடும், பிறகு வெளுப்பு. கொஞ்சம் காரமோ அமிலமோ துணியில் தங்கினாலும் புண்ணில் எரியும் என்பதால், முறித்து, திரும்பத் திரும்ப அலச வேண்டும். மருந்தியல் நூல்கள் மருத்துவப் பருத்திக்கு விதிக்கும் சோதனை எளியது. பருத்தியை ஊறவைத்த நீரில் ஒரு பங்கில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியையும், இன்னொரு பங்கில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியையும் விடுவார்கள். காரம் மிஞ்சியிருந்தால் முதலாவது சிவக்கும், அமிலம் மிஞ்சியிருந்தால் இரண்டாவது சிவக்கும். இரண்டும் சிவக்காதிருந்தால்தான் துணி புண்ணில் கட்ட ஏற்றது.