அஞ்சல் தலை ஏலம்: அன்றும் இன்றும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு ஒரு காலத்தில் தபால்காரரே உற்ற துணைவராக விளங்கினார். அவர் கொணரும் கடிதத்தைப் பெரியோர் படிப்பர். உறையின் மேல் ஒட்டியிருக்கும் தபால் தலையைச் சிறுவர் நீரில் ஊறவைத்துப் பெயர்த்தெடுப்பர். ஊரிலிருந்து வந்தவை மட்டுமன்றிக் கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் உறவினர் எழுதிய கடிதங்களாலும் நம் வீட்டுச் சிறுவரின் ஏடுகள் நிரம்பின.

இன்று கடிதம் அருகிவிட்டது. ஆயினும் தபால் தலை சேர்க்கும் ஆர்வம் அற்றுப்போகவில்லை. முன்பு உறையிலிருந்து பெயர்த்தெடுத்தவர்கள் இன்று இணையவழி ஏலத்தில் விலை கேட்டு வாங்குகின்றனர். பொருள் கைக்கு வருமுன்னரே பணம் கையை விட்டுப் போகும் இவ்வாணிபத்தில் நம் காலனியிலேயே சிலர் ஏமாற்றம் எய்தியுள்ளனர். ‘எல்லாம் இந்த இணையத்தால் வந்த கேடு’ என்று அவர்கள் நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. இவ்வேமாற்று, ஏறக்குறைய தபால் தலையளவு பழமையானது. அவ்வரலாற்றை ஓரளவேனும் அறிந்தவர் எளிதில் ஏமாறார் என்னும் நம்பிக்கையினால் இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

ஏலத்தின் தோற்றம்

உலகின் முதல் ஒட்டுத் தபால் தலையாகிய ‘பென்னி பிளாக்’ இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் வழக்கிற்கு வந்தது. கால் நூற்றாண்டு கழிவதற்குள் பழைய தலைகளை விலை கொடுத்து வாங்குவோர் கூட்டம் தோன்றிவிட்டது. 1865ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரிலும், 1870இல் நியூயார்க்கிலும், 1872இல் லண்டனிலும் தபால் தலைகள் ஏலத்தில் விற்கப்பட்டன.

அவ்வேலங்களின் முறையை ஈண்டுக் கருதுதல் நலம். விற்பனைக்கு முன்னர்ப் பொருள்கள் பார்வைக்கு வைக்கப்படும். வாங்க விழைவோர் பூதக்கண்ணாடியும் கையுமாகச் சென்று, முன்புறத்தையும் பின்புறத்தையும் திருப்பித் திருப்பி ஆராய்வர். அதன் பின்னரே ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்னும் கூவல் எழும். நம் நாட்டு மாட்டுச் சந்தையும் இத்தகையதே. துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவது பிறகு; பல்லைப் பிடித்துப் பார்ப்பது முதலில். பார்த்த பின் விலை என்பதே ஏலத்தின் அடிப்படை அறம்.

போலியின் தோற்றம்

ஏலம் தோன்றிய காலத்திலேயே போலியும் செழித்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்பைரோ சகோதரர் என்போர் பல நாட்டுத் தலைகளின் போலிகளைக் கல்லச்சில் தாள் தாளாக அடித்துத் தள்ளினர். பிற்காலத்தில் ஜெனீவாவில் பிரான்சுவா ஃபூர்னியே என்பவர் தம் சரக்கை ‘நகல்’ என்று வெளிப்படையாகவே கூறி, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றார். அவரிடம் வாங்கியோர் ஏமாறவில்லை. அவர்களிடமிருந்து அசல் என்றெண்ணி வாங்கியோரே ஏமாந்தனர். ஃபூர்னியே 1917இல் மறைந்தார். எஞ்சிய சரக்கை ஜெனீவாவின் தபால் தலைச் சங்கத்தார் 1927இல் விலைக்கு வாங்கி, பிறர் போலியை அடையாளம் காணும் பொருட்டு அவற்றையே ஏடுகளாகத் தொகுத்தனர். நஞ்சையே மருந்தாக்கிய செயல் என்று இதனைக் கூறலாம்.

லண்டன் பங்குச் சந்தை அஞ்சலகத்தில் நிகழ்ந்த மோசடி இன்னும் சுவையானது. 1872ஆம் ஆண்டையொட்டி அங்குத் தந்திப் படிவங்களில் ஒட்டப்பட்ட பச்சை நிற ஒரு ஷில்லிங் தலைகளுள் பல போலியானவை. அரசாங்கத்தையே ஏமாற்றிய அச்சூழ்ச்சி கால் நூற்றாண்டுக் காலம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பழைய படிவங்கள் வெளிச்சந்தைக்கு வந்த பின்னர், 1898இல்தான் அது வெளிப்பட்டது. எவ்வாறு வெளிப்பட்டது? தாளில் இருக்க வேண்டிய நீர்க்குறி அவற்றில் இல்லை. மூலைகளில் இருந்த எழுத்துகளோ மெய்யான அச்சுத் தகட்டில் வரவே முடியாத சேர்க்கைகளாக இருந்தன. குற்றவாளி பிடிபடவில்லை. ஐயம் என்னவோ அவ்வலுவலகத்துக் குமாஸ்தா மீதே விழுந்தது. குமாஸ்தா இனத்தைச் சேர்ந்த எமக்கு இச்செய்தியைப் படித்தபோது சற்றே நாணம் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

இக்கலையின் சிகரத்தை எட்டியவர் இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராட்டி என்பவர். மலிவான உண்மைத் தலை ஒன்றின் மையை இரசாயனத்தால் போக்கி, அதே தாளில் அரிய தலையின் உருவத்தை அச்சிடுவது அவர் முறை. தாள் உண்மை, நீர்க்குறி உண்மை, விளிம்புத் துளை உண்மை. சிற்சில வேளைகளில் அஞ்சல் முத்திரையும் உண்மை. படம் மட்டுமே பொய். 1942இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய 18 தலைகளைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் கைப்பற்றி, விலையுயர்ந்த பொருளை நாட்டை விட்டு அனுப்பினார் என்று வழக்குத் தொடுத்தனர். ‘இவை அரியவை அல்ல; யானே செய்தவை’ என்றார் ஸ்பெராட்டி. நிபுணரோ அவை அசலே என்று சான்று கூறினர்! தம் கூற்றை மெய்ப்பிக்க, அவற்றைப் போன்றே வேறு சிலவும் செய்து காட்ட வேண்டியவரானார் அவர். 1954இல் பிரிட்டிஷ் தபால் தலைச் சங்கம் அவரது சரக்கையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி அத்தொழிலை முடிவுக்குக் கொணர்ந்தது. பொருளைக் கையில் வைத்திருந்த நிபுணரே ஏமாந்தனர் எனில், வெறும் படத்தைப் பார்த்து வாங்கும் நம்மைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டுத் தலைகள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆசியாவின் முதல் ஒட்டுத் தபால் தலை சிந்து மாகாணத்தில் பிறந்தது. அங்கு ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரியர் 1852ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அதனை வெளியிட்டார். ‘சிந்து டாக்’ எனப்படும் அத்தலை வட்ட வடிவானது, விலை அரையணா. சிவப்பு அரக்கு வில்லையாக வந்தது எளிதில் நொறுங்கியமையால், வெள்ளையிலும் நீலத்திலும் தாளில் புடைப்பு அச்சாகச் செய்தனர். 1854இல் இந்தியா முழுமைக்குமான தலைகள் வந்ததும் சிந்து டாக் மறைந்தது. அரிதானமையால் அதற்கு எண்ணற்ற போலிகள் எழுந்தன. அதன் மெய்ம்மை புடைப்பின் நேர்த்தியிலும் தாளின் தன்மையிலும் அடங்கியுள்ளது. இவ்விரண்டையும் கணினித் திரையில் எங்ஙனம் காண்பது?

1854இல் கல்கத்தாவில் அச்சான நான்கணாத் தலை, சட்டம் சிவப்பும் விக்டோரியா அரசியின் தலை நீலமுமாக, இரு முறை அச்சேற்றப்பட்டது. தாளை மாற்றி வைத்தமையால் சிலவற்றில் அரசி தலைகீழானார். அப்பிழையே அதற்குப் பெருவிலை தந்தது. பிழைக்கு விலை கூடினால் பிழையைச் செய்து தருவோரும் தோன்றுவது உலக இயல்பு; இதற்கும் போலிகள் உண்டு.

நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது 1948ஆம் ஆண்டின் காந்தியடிகள் வரிசை. விடுதலையின் முதலாண்டு நிறைவு நாளாகிய ஆகஸ்ட் 15இல் 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு தலைகள் வெளியாயின. ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவூர் முறையில் அச்சானவை அவை. அவற்றுள் பத்து ரூபாய்த் தலையில் ‘சர்வீஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை மேலச்சாகப் பொறித்து, கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயனுக்கென 100 மட்டும் தந்தனர். அத்தகைய நான்கு தலைகள் ஒன்றாயமைந்த தொகுதி ஒன்று 2017இல் ஐந்து இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. வெறும் தலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒரு கருப்புச் சொல்லே. எனவே சாதாரணத் தலையில் அச்சொல்லைப் பொறித்து விற்கும் வஞ்சகர் பெருகினர். வெறும் பத்து ரூபாய்த் தலைக்கே முழுப் போலிகளும் வந்துவிட்டன.

நம் காலனியில் நிகழ்ந்தது

எம் நண்பர் ஒருவரின் தந்தையார் 1948இல் இவ்வரிசையின் முதல் மூன்று தலைகளையும் வாங்கினார். செலவு மொத்தம் 1 ரூபாய் 1 அணா. நான்காவதை வாங்க அவரால் இயலவில்லை. அன்றைய சம்பளத்தில் பத்து ரூபாய் சிறு தொகையன்று. என்றேனும் வாங்கலாம் என்று ஏட்டில் அதற்கென ஓர் இடத்தைக் கோடிட்டு ஒதுக்கி வைத்தார். அவ்விடம் வெற்றிடமாகவே இருக்க, அவர் காலமானார். மைந்தர் ஓய்வு பெற்றதும் தந்தையாரின் ஆசையை நிறைவேற்ற எண்ணி, இணையவழி ஏலமொன்றில் பத்து ரூபாய்த் தலையைக் கண்டார். கடைசி நிமிடங்களில் வேறொருவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, இவரும் விடாது ஏற்றி, எண்ணியதைப் போல் இருமடங்கு கொடுத்து வென்றார்.

தலை வந்த அன்று மாலையே எம் இல்லம் வந்து, ‘அண்ணா, ஒட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்’ என்றார். பூதக்கண்ணாடியில் நோக்கினோம். போட்டோகிராவூர் அச்சின் மென்மையான நிழல்களுக்கு மாறாகப் பல வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. விளிம்புத் துளைகளை அளந்தோம். இரண்டு சென்டிமீட்டரில் 11½ இருக்க வேண்டியது பொருந்தவில்லை. யாம் ஒன்றும் சொல்லுமுன்னரே அவர் முகம் அறிந்துகொண்டது. விற்றவரைத் தேடியபோது அப்பெயரே அங்கு இல்லை. பணம் போனது ஒரு துன்பம். ‘அப்பா ஏட்டில் பொய்யை ஒட்டப் பார்த்தேனே’ என்று அவர் கூறியது அதனினும் பெரிய துன்பம்.

அறிந்துகொள்ள வேண்டியவை

1995ஆம் ஆண்டு முதல் இணையவழி ஏலம் பரவிற்று. அதனால் நன்மை இல்லாமலில்லை. சிற்றூரில் இருப்பவரும் உலகச் சந்தையை எட்ட முடிகிறது. ஆனால் ‘பார்த்த பின் விலை’ என்னும் பழைய அறம் ‘விலை கொடுத்த பின் பார்வை’ என்று தலைகீழாயிற்று. கேடு அனைத்திற்கும் மூலம் இதுவே.

ஆகவே பின்புறப் படம் காட்டாத தலைக்கு விலை கேளாதீர். புதுப்பசை தடவியதும், கிழிசல் ஒட்டியதும் பின்புறத்திலேதான் தெரியும். ‘பாட்டனார் பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதில் ஞானமில்லை’ என்று எழுதும் விற்பனையாளரிடம் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை உண்டா என்பதை முன்னரே காண்க. உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்து, அதனைக் கடவாதீர். போட்டியிட்டு விலையேற்றுபவர் விற்பவரின் ஆளாகவே இருக்கலாம். அவ்வாறு பொய்க் கேள்வியால் விலையை உயர்த்தினால், விற்பனையை ஏற்காமல் விடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில் கூறுகிறது. ஆயினும், பெயரை மாற்றிக்கொண்டு மறைபவர் மீது சட்டத்தைச் செலுத்துவது எளிதன்று. எனவே விளம்பரத்தையும் கடிதப் போக்குவரத்தையும் பணம் செலுத்திய சான்றையும் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

பெருவிலைத் தலையாயின் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். 1869இல் நிறுவப்பட்ட லண்டன் ராயல் தபால் தலைச் சங்கம் 1894 முதல் நிபுணர் குழு வைத்துச் சான்றளித்து வருகிறது. சான்றிதழிலுள்ள படத்தின் முத்திரையும் துளைகளும் விற்பனைக்குரிய தலையோடு ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஏனெனில், மெய்ச் சான்றிதழைப் பொய்த் தலையோடு சேர்த்து விற்பாரும் உளர். சிறுவர்க்கு வாங்குவதாயின் ஏலமே வேண்டா. பெரிய அஞ்சலகங்களிலுள்ள தபால் தலைப் பிரிவில் புதிய தலைகள் அச்சிட்ட விலைக்கே கிடைக்கின்றன.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தனர். திரையில் காண்பது கண்ணால் காண்பதிலும் பாதியே. எம் நண்பர் அப்போலித் தலையை ஏட்டில் ஒட்டவில்லை. தந்தையார் கோடிட்ட இடம் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது. இப்பொழுது அவர் தம் பேரனுக்கு ஏட்டைக் காட்டும்போது, அவ்விடத்தில் விரலை வைத்து, பத்து ரூபாய் இல்லாதிருந்த அம்மனிதரின் கதையைச் சொல்கிறார். பொய்யால் நிரம்பிய ஏட்டினும் மெய்யான வெற்றிடம் மேலானது என்பதே யாம் இவ்வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!