டிசம்பர் 33

2022 புத்தாண்டு பிறந்ததும் பல நாட்டு அலுவலகங்களில் மின்னஞ்சல் நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் கடிதங்கள் வெளியே போகாமல் வரிசையில் குவிந்தன. யாரும் ஊடுருவவில்லை. காரணம் ஓர் எண்: 2201010001.

வைரஸ் தடுப்புக் கோப்பின் பதிப்பெண் அது. 22-ஆம் ஆண்டு, முதல் மாதம், முதல் தேதி, பிறகு ஒரு வரிசை எண். பார்த்ததுமே மனிதருக்குப் புரிந்துவிடும். ஆனால் அதை வாங்கிய நிரல் 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தது. அதில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. 2021 முழுக்க அடங்கிய எண், ஆண்டு மாறியதும் அடங்கவில்லை. அவ்வளவுதான்.

மென்பொருளுக்குத் தானாக எண் போடும் பழக்கம் புதிதல்ல. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைன்ட் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை எழுதினார். மூலநிரலில் ஒரு குறியீட்டை எழுதி வைத்தால், கோப்பை எடுக்கும்போது அந்த இடத்தில் பதிப்பெண் வந்து உட்காரும். பின்னாளில் நிரல் கோப்பைக் காட்டி, 'நீ எந்தப் பதிப்பு?' என்று கேட்கவும் ஒரு கட்டளை இருந்தது.

பிறகு இரவுதோறும் முழு மென்பொருளையும் கட்டும் வழக்கம் பரவியது. சரி, நள்ளிரவில் யார் எண் போடுவது? மனிதர் போட்டால் ஒருநாள் மறந்துவிடுவார். ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு பில்டுகள் வெளியே போய்விட்டால், பழுது எதில் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த வேலையை எந்திரத்திடம் கொடுத்தார்கள். டாட்நெட்டில் பதிப்பெண்ணின் கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் போதும். 2000 ஜனவரி 1 முதல் கடந்த நாட்களை ஒரு பகுதியிலும், நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளில் பாதியை இன்னொரு பகுதியிலும் அதுவே நிரப்பிக்கொள்ளும். ஏன் பாதி? ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஒரு பகுதியில் 65,535-க்கு மேல் இடமில்லை.

இந்த நாள்கணக்கைப் பார்த்தால் எதுவும் புரியாது. எனவே சிலர் தேதியையே எண்ணாக்கினார்கள். 2006 டிசம்பர் 31 என்றால் 61231. நன்றாகவே ஓடியது. மறுநாள் 70101! வரம்பு தாண்டியதால் அந்த வழியில் எண் போட்டவர்களின் பில்டுகள் புத்தாண்டன்று உடைந்தன.

ஆக, 2022-இல் நடந்தது 15 ஆண்டுகளுக்கு முன்பே ஒத்திகை பார்த்த தவறு. தானியங்கி வேலையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஒருமுறை முடிவெடுக்கிறார். அது தினமும் சரியாக ஓடுவதாலேயே பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கற்ற பாடமும் அடுத்த கூடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

மைக்ரோசாஃப்ட் எப்படிச் சமாளித்தது? எண் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், வரம்பையும் தாண்டக் கூடாது. எனவே புதிய கோப்புக்கு 2112330001 என்று எண் போட்டார்கள். அதைத் தேதியாக வாசித்துப் பாருங்கள்: 2021, டிசம்பர் 33.

கடிதங்கள் மறுபடி நகரத் தொடங்கின.