தண்டனை முடிந்த பின் கண்காணிப்பு: பினாங்கின் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

கொடிய பாலியல் குற்றம் புரிந்து சிறை சென்ற ஒருவர் தண்டனைக் காலம் முடிந்து வெளிவருகிறார். அவரால் மீண்டும் தீங்கு நேருமா என்பதை ஆராயும் பொறுப்பு நீதிமன்றத்துடையதா, காவல்துறையுடையதா, அரசுடையதா? இவ்வினாவைப் பினாங்கின் சட்ட வரலாற்றோடு பொருத்திப் பார்க்க இங்கு முற்படுகிறோம்.

பினாங்கில் நீதிமன்றத்திற்கு முன்னரே கைதிகள் வந்துவிட்டனர். 1786இல் குடியேற்றம் தொடங்கியது. 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழியே அமைந்த நீதிமன்றம் 1808இல் செயற்படத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளோ 1790களிலேயே இங்குச் சாலை அமைக்கவும் காடு திருத்தவும் பயன்படுத்தப்பட்டனர். பிற்காலத்தில் நீரிணைக் குடியேற்றங்களில் இவர்கள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தையால் முதல் வகுப்பை எட்டியவர் விடுப்புச் சீட்டுப் பெற்று வெளியே தங்கிப் பிழைக்கலாம். எனினும் குறித்த நாளில் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும். சுவரின்றிக் காவல் செய்யும் இம்முறை மலிவானது என்பதும் ஆட்சியாளருக்கு உவப்பாக இருந்திருக்கும்.

1872இல் இக்குடியேற்றங்களில் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு மூலம். வன்புணர்ச்சி பற்றிய 375, 376 என்னும் பிரிவு எண்கள் இந்தியாவில் 2024 ஜூலையில் புதிய சட்டத்தால் வழக்கொழிந்தன. மலேசியாவில் அவை இன்றும் நிலைத்துள்ளன. காவல்துறைக் கண்காணிப்பு என்னும் கருத்தோ 1871ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் குற்றத்தடுப்புச் சட்டத்தைச் சார்ந்தது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 295, 296ஆம் பிரிவுகளில் அதன் சாயலைக் காண்கிறோம். கண்காணிப்புக்கு உட்பட்டவர் தம் இருப்பிடத்தை மாவட்டக் காவல் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். இடம் மாறினால் அதனையும் அறிவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும். விடுப்புச் சீட்டுக் கைதியின் கணக்கெடுப்பு நாள் இங்கு நம் நினைவுக்கு வருகிறது.

இப்பிரிவு முதலில் மீண்டும் மீண்டும் குற்றம் புரிவோரையே கருத்திற்கொண்டது. மலேசியச் சிறாருக்குப் பாலியல் கொடுமை இழைத்த பிரித்தானியர் ஒருவர்க்கு 2016இல் இலண்டனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும் நாடு அதிர்ந்தது. அடுத்த ஆண்டே சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. சிறையில் மறுவாழ்வு ஆலோசனையும், விடுதலைக்குப் பின் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காவல்துறைக் கண்காணிப்பும் இதன்வழி விதிக்கப்படுகின்றன.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் இதில் ஓர் இடைவெளி உண்டு எனக் கருதுகிறோம். கண்காணிப்பின் அளவு தீர்ப்பு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து வெளிவரும் மனிதர் திருந்தியவரா, முன்னிலும் கொடியவரா என்பதை அன்று எவராலும் கணிக்க இயலாது. திருந்தியவருக்கு அது மிகை. திருந்தாதவரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க மூன்றாண்டு போதாது.

அயல்நாடுகள் இதற்கு இருவேறு விடைகளைக் கண்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2003இல் இயற்றிய சட்டப்படி, தண்டனை முடியும் தறுவாயில் அரசு தலைமைச் சட்ட அதிகாரி உச்ச நீதிமன்றத்தை நாடலாம். மனநல மருத்துவர் அறிக்கைகளை ஆராய்ந்து தடுப்புக் காவலோ, நிபந்தனையுடன் கூடிய கண்காணிப்போ விதிப்பது நீதிமன்றமே. பினாங்கோடு ஒரே குடியேற்றமாக இருந்த சிங்கப்பூர், 2024இல் நிறைவேற்றிய சட்டத்தில் விடுதலை பற்றிய முடிவை உள்துறை அமைச்சரிடம் ஒப்படைத்தது.

மலேசியா இரண்டாம் வழியில் செல்லத் தயங்க வேண்டும். 1933ஆம் ஆண்டின் வரையறுக்கப்பட்ட குடியிருப்புச் சட்டம், நீதிமன்ற விசாரணையின்றி அரசு ஒருவரை ஊர்விட்டு ஊர் அனுப்பிக் காவல்துறைக் கண்காணிப்பில் வைக்க இடமளித்தது. 2011இல்தான் அது நீக்கப்பட்டது. விடுதலைக்கு முன் சான்றுகளைக் கேட்டு, இரு தரப்பு வாதங்களையும் கேட்டு, கண்காணிப்பை நீட்டவோ குறைக்கவோ செய்யும் அதிகாரம் நீதிபதிக்கே உரியது என்பது எம் கருத்து. பினாங்கு லைட் தெருவிலுள்ள உயர் நீதிமன்றத்திற்கு அத்தகைய அதிகாரம் இன்னும் வழங்கப்படவில்லை.