கூரை கழற்றிய கார்கள்: கலிபோர்னியாவிலிருந்து சோழவரம் வரை

சென்ற தீபாவளிக்கு அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கோரமங்கலாவில் கம்ப்யூட்டர் வேலை. கையிலிருந்த போனில் ஒரு படத்தைக் காட்டி, "சித்தப்பா, உங்களுக்குப் பெரிய ஷெட் ஒண்ணு கட்டிக் குடுத்து, உலகத்துல எந்தக் காரை வேணும்னாலும் கொண்டாந்து நிறுத்திக்கோங்கன்னு சொன்னா எதை நிறுத்துவீங்க?" என்று கேட்டான். படத்தில் இருந்தது 1932ஆம் வருடத்து ஃபோர்டு. கூரை இல்லை, மட்கார்டு இல்லை, பானெட்டின் பக்கத் தகடுகளும் இல்லை. இன்ஜின் வெட்டவெளியில் மின்னிக்கொண்டிருந்தது. "இதுக்குப் பேர்தான் ஹாட் ராட் ரோட்ஸ்டர். நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது!" என்று அவனே ஒரு முடிவுரையும் சேர்த்துக்கொண்டான்.

அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே விடை வரவில்லை. ஆனால் கடைசியில் சொன்னானே, அதற்கு மறுப்பு உடனே வந்துவிட்டது. அந்த மறுப்பைத்தான் இம்மலருக்குக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ரோட்ஸ்டர்' என்பது ஆங்கிலத்தில் முதலில் ஒரு குதிரையைக் குறித்த சொல். நெடுந்தூரச் சாலைப் பயணத்துக்கு ஏற்ற குதிரை என்று பொருள். குதிரை போய்க் கார் வந்தபோது, இருவர் அமரும் திறந்த காருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய ரோட்ஸ்டருக்குப் பக்கக் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகூடக் கிடையாது. 'ஹாட் ராட்' என்பது 'ஹாட் ரோட்ஸ்டர்' என்பதன் சுருக்கம் என்பர் ஒரு சாரார். இன்ஜினுக்குள் இருக்கும் கம்பியைக் குறித்தது என்பாரும் உண்டு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் தீர்த்து வைக்கவும் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது பணக்காரர் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை என்பதைத்தான் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1908 முதல் 1927 வரை ஹென்றி ஃபோர்டு ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களைச் செய்து தள்ளினார். பத்துப் பதினைந்து வருடத்தில் அவை பழைய இரும்பு விலைக்கு வந்துவிட்டன. கையில் காசில்லாத கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, எடை குறைய வேண்டுமே என்று மட்கார்டைக் கழற்றினார்கள், கூரையைக் கழற்றினார்கள், முன் கண்ணாடியையும் கழற்றினார்கள். மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினை எளியவர் வாங்கும் காரில் வைத்தார். இரண்டு வரிசை சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் மலிவாக ஊற்றி எடுத்ததுதான் அதன் சூட்சுமம். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர், 65 குதிரை சக்தி. பழைய காரில் இந்த இன்ஜினை இறக்கினால் ஏழை வீட்டுப் பையன் பணக்காரன் காரை முந்திவிடலாம்! 1937இல் இவர்களே கூடித் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தார்கள். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களில் பலர் பட்டாளத்தில் கற்ற மெக்கானிக் வேலையோடு வந்தார்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை பிறந்தது. அதே வருடம் அக்டோபர் இதழின் அட்டையில் வந்த பாப் மெக்கீயின் 1932 ரோட்ஸ்டர்தான் பிற்பாடு எல்லாரும் பார்த்துச் செய்த மாதிரி.

மியூராக் ஏரிப் படுகையை ராணுவம் எடுத்துக்கொண்டு விமானதளம் ஆக்கியது. நம் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை, போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கியது. (இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையிலும் இதே கதைதான். அதுவும் போர்க்காலத்து ஓடுபாதை.) சோழவரத்தில் ஸ்டேடியம் கிடையாது, நிழல் கிடையாது. பிப்ரவரி வெயிலில் வைக்கோல் கட்டுகளையும் பழைய டயர்களையும் வளைவுகளில் அடுக்கி வைத்து, அந்தப் பக்கம் ஜனம் நிற்கும். பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் லாரியில் ஏற்றியும், சில சமயம் பந்தயக் காரையே ரோட்டில் ஓட்டிக்கொண்டும் போவார்கள்.

என்ன காரை ஓட்டினார்கள் என்று கேட்பீர்கள். ராஜ குடும்பத்தாரும் பெரும் முதலாளிகளும் வெளிநாட்டு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள், உண்மைதான். என் அக்கறை அவற்றின் மீது இல்லை. மற்றவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதிக்குத் தடை, புதுக் காருக்கே வருடக்கணக்கில் காத்திருப்பு. அந்த மூன்றில் எதை வெட்டினால் வேகம் வரும் என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன்.

சென்னை வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961 முதல் செய்த ஹெரால்டு இதற்கென்றே பிறந்தது போன்றது. மற்ற கார்களில் உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்திருந்த காலத்தில், ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ். உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சேசிஸ் மேல் வேறு தகட்டு உடம்பைக் கட்டலாம். பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்துவிடும், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இதை வடிவமைத்தபோது கூரையையே போல்ட்டில் நிற்கும்படிதான் அமைத்தார்கள். ஸ்பானரை எடுத்தால் ரோட்ஸ்டர்!

எங்கள் தாய்மாமா அந்த ஸ்பானரை எடுத்தவர்களில் ஒருவர். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, அடுகோடி சந்து ஒன்றில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் நடத்தினார். அடுகோடி என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மைக்கோதானே. 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி அங்கே ஆலை வைத்து ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. ஆலை இருந்த வளாகம் 2022இல் தொழில்நுட்ப மையமாகத் திறக்கப்பட்டது. இன்றும் ஆட்டோக்காரரிடம் 'மைக்கோ' என்றால்தான் சட்டென்று புரியும். மாமா ஷெட்டுக்கு எதிர் வரிசையில் இருந்த வீடுகளில் பாதிப்பேர் அந்த ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர்கள். சாயங்காலம் டீ கிளாஸோடு வந்து நின்று யோசனை சொல்வார்கள்.

பிளக்கில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அங்கேதான். பழைய எண் முறையில் 175, 225 என்று பிளக்கில் பொறித்திருக்கும். எண் ஏற ஏற அது 'கோல்டு' பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடும். பந்தயத்தில் இன்ஜின் கொதிக்கும்போது சாதாரண பிளக் தானே தணல்போல் ஆகி, நேரத்துக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் 175ஐக் கழற்றி 225 போடுவார்கள். (இப்போது அந்த எண் முறையே தலைகீழாகிவிட்டது. பழைய ஆட்கள் கடையில் போய்க் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.) இரண்டு சுற்று ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றி மூக்கைப் பார்ப்பார் மாமா. காப்பிப்பொடி நிறமிருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைச்சல், கரி படிந்திருந்தால் அதிகம். "பிளக்கு பொய் சொல்லாதுடா" என்பார்.

மற்ற வேலைகளும் இப்படித்தான். கம்ப்ரஷன் ஏற்ற, சிலிண்டர் ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்து முடியளவு முடியளவாகச் சீவுவார்கள். கொஞ்சம் கூடிவிட்டால் அக்காலப் பெட்ரோலுக்கு இன்ஜின் 'நாக்' அடிக்கும். ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைப்பார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைக்க, மேனிஃபோல்டைக் குழாய் வளைத்துத் தாங்களே பற்றவைப்பார்கள். சாமான் வேண்டுமென்றால் சிவாஜி நகர் குஜிரி, ஜே.சி. ரோடு, அங்கேயும் இல்லாவிட்டால் ராத்திரி ரயிலேறிச் சென்னைப் புதுப்பேட்டை. கலிபோர்னியாப் பையனுக்குப் பழைய இரும்புக் கடை எப்படியோ, நமக்குக் குஜிரி அப்படி. வித்தியாசம் ஒன்றுண்டு. அவன் தனக்காகச் செய்தான், ஓட்டியவனும் அவனே. இங்கே செய்தவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். கோப்பையும் பத்திரிகைப் படமும் ஓட்டியவருக்கு. அந்தப் படங்களில் ஓரமாகக் கையில் துணியோடு நிற்கும் ஆளுக்குப் பெயர் போட்டு நான் பார்த்ததேயில்லை. ஓட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனாலும்...

பெங்களூரின் பங்கு பட்டறையோடு நிற்கவில்லை. சிபானி குடும்பத்தாரின் கம்பெனி 1980களில் இங்கே 'டால்பின்' என்ற சின்னக் காரைச் செய்தது. இங்கிலாந்து ரிலையண்ட் கம்பெனியின் வடிவம், இழைக்கண்ணாடி உடம்பு, 848 சிசி இன்ஜின். கடைவீதியில் அது தோற்றது. மாருதி வந்ததும் யாரும் சீந்தவில்லை. ஆனால் எடை குறைவென்பதால் பந்தயக்காரர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். அதற்குக் கூரை இருந்ததால் என் கனவு ஷெட்டில் இடமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்தக் கைவேலை மரபின் உச்சம் என்று நான் கருதுவது கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் செய்ததை. பணத்துக்குக் குறைவில்லாதவர், நினைத்தால் வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டியிருக்கலாம். அவரோ ஊரெங்கும் கிடைக்கும் மாருதி 800இன் இன்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் திறந்த பந்தயக் காரை 1980களின் இறுதியில் செய்தார். ஒன்றல்ல, பலர் ஓட்டும்படி ஒரே மாதிரி வரிசையாகச் செய்தார். எல்லாருக்கும் ஒரே கார் என்றால் திறமைதானே ஜெயிக்கும்? 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த 'ஃபார்முலா மாருதி'யில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் மறைந்தார். கோவைப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது. சோழவரத்துக்குப் பதிலாக இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் 1990இல் வந்தது. ஓடுபாதைக் காலம் அத்தோடு முடிந்தது.

இனி அண்ணன் மகனிடம் நான் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார்களின் அணிவகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசையில் ஒரு ஹெரால்டு. கண்ணாடிபோல் பாலிஷ். நம்பரைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. மாமா கூரை கழற்றிய வண்டி! உரிமையாளரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "வாங்கும்போது ரொம்ப மோசமா இருந்துச்சு சார். யாரோ கண்டபடி வெட்டி ஒட்டி வெச்சிருந்தாங்க. எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு ஒரிஜினல் ஆக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். மாமா வளைத்த மேனிஃபோல்டு எந்தக் குஜிரிக்குப் போயிற்றோ!

அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சாலைப் பாதுகாப்பை நினைத்தால் அது நியாயமும்கூட. நேற்றுப் பையன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு ராத்திரியில் ஓட்டுவதைக் கேட்டுக்கொண்டுதானே படுக்கிறோம்? 2021இல் வந்த பழங்கார் விதிகளோ ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு எண் தருகின்றன. ஆனால் வண்டி பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். ஆக, ஆலை செய்தது பழம்பொருள், காப்பாற்றலாம். அதே காரில் அடுகோடி ஷெட்டும் கோவை லேத்தும் சேர்த்த வேலைக்குச் சட்டத்தின் பார்வையில் பெயர் 'மாற்றம்', அதற்குப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் 1950இல் ஓக்லாண்டு கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற பில் நீகாம்ப்பின் 1929 ரோட்ஸ்டர், செய்தவர் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறது. அதை யாராவது 'ஒரிஜினல்' ஆக்கினால் அங்கே சண்டைக்கு வருவார்கள்.

அண்ணன் மகனுக்குப் போன மாதம்தான் பதில் சொன்னேன். ஷெட்டில் நாலு வண்டி. முதலில் மட்கார்டில்லாத ஒரு மாடல் டி, எல்லாம் அதிலிருந்துதானே தொடங்கியது. அடுத்து அவன் காட்டிய 1932 ஃபோர்டு, அது அவனுக்காக. மூன்றாவது ஒரு ஃபார்முலா மாருதி. நாலாவது இடத்தில் கூரை கழற்றிய ஹெரால்டு. "அதான் இல்லையே சித்தப்பா" என்றான். "இடம் காலியா இருக்கட்டும்" என்றேன்.

மலரைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பத்திலோ, ஊரிலிருக்கும் பெரியப்பா வீட்டுப் பரணிலோ, சோழவரத்துக்குப் போன படங்கள் இருக்கக்கூடும். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். படத்தில் காருக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரென்று அவர்களிடம் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.