உப்பிட்ட மீனும் கீரையும்: ஒரு கறியின் வரலாறு

வாடைக்காற்று கடலைக் கலக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்து வடகரையில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். அந்நாட்களில் உறியில் தொங்கிய உப்புக் கருவாடும் வேலியோரத்து முருங்கையிலையுமே ஒரு குடும்பத்தின் கறியாகும். இன்று மெல்பேர்ணின் தென்கிழக்கே, கேரம் டவுன்சிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில் அதே கறி வேறு மீனோடும் வேறு இலையோடும் கொதிக்கின்றது. எளியோர் உணவென்று ஒதுக்கப்படும் இக்கறிக்கு நெடிய வரலாறு உண்டு.

நற்றிணையின் 45ஆம் பாடலில், சுறாமீனை அறுத்து உலர்த்தி, பறவைகள் கவராது காவலிருக்கும் பரதவர் மகள் வருகின்றாள். நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். மீனும் உப்பும் ஒரே கரையில் விளைந்தமையால் மீனைக் காக்கும் கலையும் அங்கேயே வளர்ந்தது.

அக்கலை எளிது. மீனை வயிறு கீறிக் கழுவி, உப்புத் தடவித் தொட்டியில் அடுக்குவர். மீனிலுள்ள நீரை உப்பு வெளியே இழுக்க, அதுவே உவர்நீராகி மீனை மூடும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில் பெருக இயலா. பின்னர் வெயிலில் உலர்த்தினால் கருவாடு. கொறுக்காய்ப்புளியும் சேர்த்துச் சாடியிலேயே விட்டால், தென்னிலங்கையர் விரும்பும் ஜாடி. கட்டா, பாரை, சுறா, திருக்கை எனப் பலவகை மீன்களும் எம்மிடையே இவ்வாறு காக்கப்பட்டன.

கீரை இதனோடு சேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. உப்பேறிய மீனின் கடுமையைக் கீரையும் தேங்காய்ப்பாலும் தணிக்கும். கீரைக்குத் தனியே உப்பிடவும் வேண்டியதில்லை. மீனை ஊறவைத்துக் கப்பிப்பாலில் அவித்து, இலையை உருவிப் போட்டு, முதற்பால் விட்டு, இறக்கியபின் தேசிப்புளி பிழிவது எம் தாய்மார் முறை.

இக்கறியின் அருமையைப் போர்க்காலமே முழுமையாக உணர்த்தியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. குளிரூட்டிகள் பயனற்றுப் போயின. கடற்றொழிலுக்குத் தடைகள் வந்தன. ஆனையிறவு உப்பளமும் போர்க்களமாயிற்று. மீனும் உப்பும் ஒருசேர அரிதாகிய அக்காலத்தில் ஒரு துண்டுக் கருவாடு ஒரு சட்டிக் கீரைக்குச் சுவையூட்டியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அடுப்பும் அம்மியும் பின்னே நின்றுவிட்டன. சமைக்கும் முறை மட்டும் நினைவில் உடன் வந்தது.

வந்தடைந்த இந்நாட்டுக்கும் மீனையும் கீரையையும் சேர்த்துண்ட கதை உண்டு. 1770இல் கப்பித்தான் குக்கின் கப்பல் இன்றைய சிட்னிக்கு அண்மையிலுள்ள பொட்டனி விரிகுடாவிலிருந்து புறப்பட்ட அன்று, தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸ் திருக்கை மீனோடு அக்கரையில் வளர்ந்த ஒரு கீரையை அவித்து உண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். இன்று வாரிகல் கீரை எனப்படுவது அதுவே. அதனை முதலில் கொதிநீரில் இட்டு, அந்நீரை வடித்துவிட்டே சமைத்தல் வேண்டும்.

மெல்பேர்ணின் குளிரில் முருங்கை தழைப்பதில்லை. பசளியும் சில்வர்பீட்டும் அதனிடத்தைப் பிடித்துள்ளன. கட்டாக் கருவாட்டுக்குப் பதிலாக, இத்தாலியர் கடைகளில் ‘பாக்கலா’ என விற்கப்படும் உப்பிட்ட கொட் மீன் கிடைக்கின்றது. அட்லாண்டிக் கடலின் அவ்வெண்மீனைப் போர்த்துக்கேயர் நத்தார் முன்னிரவில் கோவாவோடும் உருளைக்கிழங்கோடும் அவித்து உண்பர். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியவர்கள் அவர்களே; நம் கறிக்குக் காரம் தரும் மிளகாய் இப்பக்கம் பரவியதும் அவர்கள் வழியாகத்தான். பகைவராய் வந்தவரின் அடுப்பும் நம் அடுப்பும் உப்பிட்ட மீனில் ஒன்றுபடுவது வரலாற்றின் விந்தை.

இம்மீனைக் குளிரூட்டியினுள் ஒரு நாளுக்குக் குறையாமல் நீரில் ஊறவிட்டு, பலமுறை நீர் மாற்றிய பின்பே சமைத்தல் வேண்டும். ஊரிலிருந்து வருவோர் கருவாடு கொணர்ந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவித்தல் வேண்டும்.

வாடகை வீட்டில் கருவாட்டு மணம் எழுமென்று சாளரங்களைச் சாத்திக்கொண்டு சமைத்த நாட்களை நம்மிற் பலர் அறிவர். அயலவர் முகஞ்சுழிப்பாரோ என்ற அச்சத்தினாலேயே சிலர் இக்கறியைக் கைவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் அதன் பெயரையும் அறியார். கேரம் டவுன்சில் 1994இல் குடமுழுக்குக் கண்ட சிவா விஷ்ணு ஆலயம் நம் வழிபாட்டை அடுத்த தலைமுறைக்குக் காட்டி நிற்கின்றது. அடுப்படி அறிவுக்கு அத்தகைய கோபுரம் இல்லை. எத்தனை நாழிகை ஊறவேண்டும், எப்போது இலையைப் போடவேண்டும் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம். அடுத்தமுறை இக்கறி கொதிக்கும்போது சாளரத்தையும் திறந்து வைப்போம்.