ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்

விருதுநகர், தேனி, மதுரை மாவட்டங்களில், வருசநாட்டு மலைகளையும் மேகமலையையும் உள்ளடக்கிய வனப்பகுதி. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு சுமார் 1,016 ச.கி.மீ.; தமிழகத்தில் ஐந்தாவது, நாட்டில் 51ஆவது.

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் வெயிலில் நிற்பவருக்குத் தம் மாவட்ட எல்லையிலேயே குளிர்காடு இருப்பது நம்பக் கடினம். மேகமலையில் அந்தக் குளிரை உயரமும் மேகமும் காக்கின்றன. சுமார் 1,500 மீட்டருக்கு மேல் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகளும் உண்டு. சோலை மரங்கள் குட்டையானவை. அடிமரம் முழுக்கப் பாசி, கீழே ஈரம் காயாத இலைமக்கு. மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவது இந்த மக்குதான்.

இங்குள்ள உயிர்களில் கதை உள்ளது ஒரு வௌவாலுக்கு. தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் 1948இல் ஹைவேவிஸ் பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவாலைச் சாதாரண வகை என்று பெயரிட்டுப் பம்பாய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதைப் பார்த்து, புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று நிறுவினார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரையும் சூட்டினார். அடிவாரத்து ஓடைக்கரைகளிலோ சாம்பல் நிற அணில்தான் முக்கியம். கிளைக்குக் கிளை தாவியே வாழ்வதால், மரங்களின் உச்சி ஒன்றையொன்று தொடாத காட்டில் அது பிழைப்பது கடினம். இந்தியாவை விட்டால் இலங்கையில் மட்டுமே உண்டு.

தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துக் கரிசலை மழை மறைவாக்குவது இதே மலைத்தொடர். அதனால் அருப்புக்கோட்டை மானாவாரி விவசாயி நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையை. ஆனால் திருச்சுழி வழியே ஓடும் குண்டாறு பிறப்பதும் வருசநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில்தான். ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். காவிரி வெள்ளநீரைக் குண்டாற்றுக்குக் கொண்டுவரும் இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியதும் காப்பகம் அறிவிக்கப்பட்ட அதே 2021 பிப்ரவரியில். கால்வாய் வரட்டும், குண்டாற்றின் சொந்த நீருக்கு இந்த மலைக்காட்டை விட்டால் வேறு போக்கில்லை.