உளிக்கு முன் பென்சில்

மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளி 1857இல் வரைதல் வகுப்புகளுடன் தொடங்கியது. ருட்யார்டின் தந்தை லாக்வுட் கிப்லிங் 1865இல் வந்து சேர்ந்தார். அடுத்து அமைந்த மூன்று பட்டறைகள் அலங்கார ஓவியம், உருவ வார்ப்பு, இரும்புவேலை ஆகியவற்றுக்கானவை; மரவேலைக்கு இடமில்லை. நகரத் தச்சர் செதுக்கிய ஈட்டிமர இருக்கைகளோ அப்போதே ஐரோப்பியர் இல்லங்களை நிறைத்திருந்தன. அத்தச்சர் கற்றது தாளில் அன்று, மூத்தோரின் உளியருகே.

இம்முறை மிகப் பழையது. தச்சனின் கைத்திறன் மிக்க சிறுவர் மழுவோடு காடு புகுந்தால் எங்கும் பிழைப்பர் என்னும் உவமையைப் புறநானூறு 206இல் ஔவையார் ஆள்கிறார். சிறுவரின் தகுதியை அவர் கையில் வைக்கிறார் என்பது கவனத்திற்குரியது. ஜே.ஜே. பள்ளிக்குள் கைவினைகளுக்கென ரே பட்டறைகள் எழுந்தது 1891இல். முதல் வரைதல் வகுப்புக்கு 34 ஆண்டுகளுக்குப் பின்.